எட்டாவது டிசைன்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது சிங்காரத்தின் கம்ப்யூட்டர் சென்டர். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, இடுக்குகளில் பஞ்சு அடைத்திருப்பார்கள். எல்லாம் ஏசிக்காக. கதவு கொஞ்சம் வளைந்தது. தானாக மூடி நிற்காது. குளிர் வீணாகிவிடும் என்பதால், யார் வெளியே போனாலும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். உள்ளே இருப்பவர் வெளியே வரவேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும்.

என்னோடு பத்தாவது வரை படித்த கோமளவல்லி அந்த அறைக்குள் இரண்டு வருடம் நான்கு மாதமாக வேலை செய்துகொண்டிருந்தாள். ஏழு வருடம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எண்பத்தெட்டு ஆடியில் நான் திரும்பி வந்தேன். வந்த வாரமே அவளைப் பார்க்கப் போனேன். பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

"தாழ்ப்பாள் போட்டுட்டுப் போறாரே, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"முதல் மாசம் பண்ணுச்சு. அப்புறம் மெஷினுக்கு ஒத்துக்கறது நமக்கும் ஒத்துக்கும்னு விட்டுட்டேன்," என்றாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அப்பா எல்லப்பன் சேலை நெய்கிறவர். அரக்கோணத்துக்கு ரயிலில் போய்வந்து டிப்ளமோ படித்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று சிங்காரம் மூன்று வருடம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஒரு பழுப்புக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோ அவள் மேஜைக்கு நேர் எதிரே நிற்கிறது. தலையை நிமிர்த்தினால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் வந்தபோது அவளுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை மதியம் மூன்றரைக்குள் ஒரிஜினல்களோடு நேரில் வரவேண்டும். சிங்காரத்திடம் கேட்டதற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பள்ளிப்பட்டு கஜபதி வேலையை முடிச்சுக் குடும்மா. எட்டு டிசைன் நிக்காம வரிசையா வரட்டும். அன்னிக்கே கவரைக் கையில தரேன், பாண்டையும் கிழிச்சுப் போட்டுடறேன். முருகன் மேல சத்தியம்."

கஜபதி பள்ளிப்பட்டில் இருபத்து நான்கு பவர்லூம் ஓட்டுகிறவர். முந்தானை டிசைனைக் கட்டம் போட்ட காகிதத்தில் கையால் வரையப் பதினைந்து நாள் ஆகிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நாளில் வருமா என்று கேட்டிருந்தார். கோமளா அதற்கு சி மொழியில் புரோகிராம் எழுதினாள்.

அவள் எனக்கு அதை விளக்கிய விதத்தில் சொல்கிறேன். முந்தானைக்குக் குறுக்கே 480 பாவு இழை, நீளத்துக்கு 1200 ஊடை. ஒவ்வொரு சந்திப்பிலும் பாவு இழை மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே இருக்கும். மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம். எட்டு புள்ளிகளை ஒரு பைட்டில் அடைத்தால் முழுப் படத்துக்கும் எழுபத்திரண்டாயிரம் பைட் ஆகும். ஒரு சின்ன மயிலையோ மாங்காயையோ அவள் விசைப்பலகையில் தட்டிக் கொடுத்தால், புரோகிராம் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டு மெமரிக்குள்ளேயே முழு முந்தானையையும் கட்டிவிடும். அந்தப் படம் உட்காரும் இடத்துக்கு பஃபர் என்று பெயர். அது தானாகக் கிடைக்காது. இவ்வளவு இடம் வேண்டும் என்று புரோகிராம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

அந்த மெஷின் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் பைட்டுக்கு மேல் ஒரே துண்டாகக் கையாளாது. முதல் தடவை அது தெரியாமல் எழுதியதில், முந்தானையின் கடைசி நூறு வரிகள் சுற்றிக்கொண்டு வந்து முதல் நூறு வரிகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. மயிலின் கழுத்தில் கரை ஓடியது. படத்தை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, இரண்டு துண்டாக இடம் வாங்கிச் சரி செய்ய அவளுக்கு இருபது நாள் ஆயிற்று. சொல்லித்தர அந்த ஊரில் யாரும் இல்லை.

சனிக்கிழமை கஜபதி வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சிங்காரம் கைகளைக் கட்டிக்கொண்டு பீரோவில் சாய்ந்து நின்றார்.

முதல் டிசைன் வந்தது. இரண்டாவது வந்தது. கஜபதி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் இழை எண்ணினார். "ஆங், சரியாத்தான் கீது," என்றார். ஐந்து, ஆறு, ஏழு. கோமளாவின் காது சிவந்திருந்தது. எட்டாவதைத் தட்டினாள். திரையில் பாதி மயில் வந்தது, அதோடு நின்றது. எந்த விசையை அழுத்தினாலும் அசையவில்லை.

"இன்னாம்மா, மயிலு ஆடாம நின்னுக்கினு கீது?" என்றார் கஜபதி. "மழை வரலைன்னு பாக்குதா?"

சிங்காரம் சிரிக்கவில்லை. "எட்டுன்னு சொன்னேன்," என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மறுபடி வந்து பார்ப்பதாகக் கஜபதி சொன்னார். அவர்கள் போனபிறகு கோமளா அச்சடித்த புரோகிராமைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக வந்தாள். கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததும் அழுதாள். தப்பு கஷ்டமானதாக இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு டிசைனுக்கும் இடம் கேட்டு வாங்கியிருந்தாள். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஏழு படங்களும் மெமரியில் அப்படியே உட்கார்ந்திருந்தன. எட்டாவதுக்குக் கேட்டபோது இடம் இல்லை. இல்லை என்று மெஷின் சொன்னதையும் புரோகிராம் பார்க்கவில்லை. கிடைத்ததாக நினைத்து, மெஷின் தன் உயிரை வைத்திருக்கும் இடத்தின் மேலேயே மயிலை வரைந்திருக்கிறது.

"திருப்பித் தரணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு வரிதான். ஃப்ரீன்னு போட்டு பஃபர் பேரை எழுதணும்." மூக்கைச் சால்வையில் துடைத்தாள். "போட்டுத்தான் வச்சிருந்தேன். அப்புறம் அந்த வரியை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"எங்க வீட்டுல டிசைன் போட்ட பேப்பரை யாரும் கிழிக்க மாட்டாங்கடி. அழிக்கவும் மாட்டாங்க. தாத்தா போட்டதுகூட நைனாவோட டிரங்குப் பெட்டியில கீது, எலி கடிச்சு. என்னிக்காவது ஒருத்தன் வந்து அதே கரை வேணும்னு கேப்பான்னு வச்சிருப்பாரு. முழு முந்தானையைக் கட்டி முடிச்சுட்டு, அதைப் போய் விட்டுடுன்னு எழுத எனக்குக் கை வரலை."

"மயில்தான் ஃப்ளாப்பியில இருக்கே. மறுபடி கட்டிக்கலாமே?"

"கட்டிக்கலாம்," என்றாள். "அது வேற."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் திருத்தினாள். அப்போதும் வெறுமனே விட மனம் வரவில்லை. முழுப் படத்தையும் முதலில் ஃப்ளாப்பியில் எழுது, பிறகு இடத்தை விடு என்று போட்டாள். எழுதி முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நான் பீரோவைத் தட்டிப் பார்த்து, "ஒரு கடப்பாரை இருந்தா போதும்," என்றேன். "நீ போயிடுவே. போலீஸ் என்னைத்தான் தேடும்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை கஜபதி வந்துசேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. காவடிக் கூட்டத்தில் பஸ் நகரவில்லையாம். கீழே தெரு முழுக்க மஞ்சள் துணி, பம்பை, உடுக்கை. பஞ்சு அடைத்த ஜன்னலையும் தாண்டித் தரை அதிர்ந்தது. மெட்ராஸ் வண்டி பன்னிரண்டு ஐம்பதுக்கு. அதை விட்டால் அடுத்தது மாலையில்தான். கோமளா புதுப்புடவையில் வந்திருந்தாள். கைப்பை மேஜைமேல் தயாராக இருந்தது.

எட்டு வந்தது. கஜபதி நம்பாமல் ஒன்பது கேட்டார், பத்து கேட்டார். நிற்கவில்லை. "அட போம்மா, இது உட்டா ராத்திரியெல்லாம் நெய்யும் போல கீதே!" என்று தொடையில் தட்டினார்.

சிங்காரம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்தார். கவரை அவளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பாண்டை எங்கள் கண் முன்னால் நான்காகக் கிழித்தார். மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

"பத்திரமா போய்ட்டு வாம்மா. வாங்க கஜபதி, சாப்பிடப் போலாம்."

"கிளம்புடி," என்றேன்.

"பத்தாவது இன்னும் மெமரியிலதான் கீது. ஃப்ளாப்பியில ஏத்திட்டு வரேன். ஒரு நிமிஷம்."

"மெஷினை அணைச்சிட்டு வாயேன்."

"ஒரு நிமிஷம்டி."

ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தமோ, தாழ்ப்பாள் விழும் சத்தமோ எனக்குக் கேட்கவில்லை. பம்பைச் சத்தத்தில் என்னதான் கேட்கும்? சிவப்பு விளக்கு அணைந்ததும் அவள் ஃப்ளாப்பியை எடுத்து உறையில் போட்டு, பெயர் எழுதி, பெட்டியில் அடுக்கினாள். கைப்பையை மாட்டிக்கொண்டு கதவை இழுத்தாள். வரவில்லை.

தட்டினோம். இரண்டு பேரும் சேர்ந்து தட்டினோம். நான் காலால் உதைத்தேன். ஜன்னல் காகிதத்தைக் கிழித்துக் கத்தினேன். கீழே இருந்தவர்கள் என்னைப் பார்த்து "அரோகரா" என்றார்கள். அவள் மோதிரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பால் மரத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள், ஒரே தாளத்தில், தறி ஓட்டுவது போல. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது ஆயிற்று. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு மணி ஆனதும் நிறுத்தினாள்.

ஒன்றேகால் மணிக்குத் தாழ்ப்பாள் நீங்கியது. சிங்காரம் நின்றார், கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று. எனக்காக வாங்கி வந்திருக்கிறார், கோமளா கிளம்பியதும் அவர் திரும்பும்வரை சென்டரைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே இருப்பேன் என்று நினைத்து.

"ஏம்மா," என்றார் அவளைப் பார்த்து, உண்மையாகவே திகைத்துப்போய், "நீ இன்னும் கிளம்பலையா?"

அவள் அவரையும் தாழ்ப்பாளையும் பார்த்தாள். சிங்காரமும் திரும்பித் தாழ்ப்பாளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. பொட்டலத்தை நீட்டினார்.

கோமளா அதை வாங்கிக்கொண்டாள். கவரை என் பைக்குள் திணித்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இலையைப் பிரித்தாள்.

"ஊறுகா வைக்கலையா சார்?" என்றாள்.