மூலையில் நின்ற மெழுகுதிரி

ஜெனி மச்சாளின் லப்டொப்பைத் திறந்தால் முதலில் வருவது சவர்க்கார மணம். பிரான்சில் இருந்த அவளுடைய அண்ணை தான் பாவித்த பழைய கணினியை இரண்டு துவாய்களில் சுற்றி, இடைவெளிகளில் வாசனைச் சவர்க்காரக் கட்டிகளை அடைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த மணம் விசைகளுக்கு இடையில் புகுந்து மாதக்கணக்காகப் போகவேயில்லை. விசிறி இரைந்து கணினி சூடேறும்போதெல்லாம், முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும் கருவாட்டையும் மீறி, மாமி வீட்டு முன்னறை கொஞ்ச நேரத்துக்கு அப்போதுதான் குளித்து வந்த ஆளைப்போல மணக்கும்.

ஜெனி என் அப்பாவின் தங்கையான மாமியின் மகள். பருத்தித்துறைக் கடற்கரையோரம் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் ஒரே வேலிதான். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தோம். எங்கள் அப்பாக்கள் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். அந்தக் கணினி வந்தபோது எங்களுக்குப் பதினான்கு வயது. அதன் விசைப்பலகை பிரெஞ்சுக்காரருடையது. ஆங்கில எழுத்துக்கள் சில இடம்மாறிக் கிடந்தன. ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டப் பழகியிருந்த நாங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் வேறெதுவோ வந்து நிற்கும். அதற்கே இருவரும் வயிறு நோகச் சிரிப்போம்.

படம் கீறத் தெரியாதவர்களும் அழகான அழைப்பிதழ் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வடிவமைப்பு மென்பொருளை ஜெனிதான் கண்டுபிடித்தாள். முன்கூட்டியே செய்து வைத்த மாதிரிகள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ‘ரெம்பிளேற்’ என்ற சொல்லை நாங்கள் அன்றுதான் வாயில் போட்டுக்கொண்டோம். ஒன்றைத் தெரிவுசெய்து, அதிலிருந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் படத்தை அகற்றி எங்கள் படத்தைப் போட்டு, நிறத்தை மாற்றி, ஒரு பூவைப் பிடித்து இழுத்து இன்னொரு பூவுக்குப் பின்னால் தள்ளிவிடலாம் என்று கண்ட பின்னேரம், எங்களை யாராலும் அந்த மேசையிலிருந்து எழுப்ப முடியவில்லை. பிழைத்துப்போனால் வளைந்த அம்பு ஒன்றை அழுத்தினால் போதும், எல்லாம் முன்போல வந்துவிடும். ‘கெட்டுப்போகும், தொடாதை’ என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

இந்தப் பெருமையை வகுப்பில் அளந்ததன் பலனாக, பாடசாலை ஒளிவிழாவுக்கு அழைப்பிதழ் செய்யும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முன் மார்கழியில் நடக்கும் விழா அது. நட்சத்திரம், இறக்கை விரித்த சம்மனசு, மாட்டுக்கொட்டில், பலூன், பனி, நான்கு மூலைக்கும் நான்கு மெழுகுதிரி என்று மென்பொருளில் இருந்த எல்லாவற்றையும் ஒரே தாளில் ஏற்றினோம். வகுப்பாசிரியையான சிஸ்ரர் அதைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, “பிள்ளையள், விழா எத்தினை மணிக்கெண்டு இதுக்குள்ளை நான் எங்கை தேடுறது?” என்று கேட்டார். முகம் தொங்கிப்போக வீட்டுக்கு வந்து பாதியை அழித்தோம். மெழுகுதிரிகளை மட்டும் ஜெனி அழிக்க விடவில்லை.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் அது நடந்தது.

வாடைக்காற்று அடிக்கும் காலம். இரண்டு நாள் கடல் அடங்கிக் கிடந்ததைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவும் மாமாவும் வள்ளத்தைத் தள்ளினார்கள். சனி விடிய வந்திருக்க வேண்டும், வரவில்லை. அம்மா கரையில் நின்று திரும்பி வரும் வள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணினா. மற்ற எல்லோரும் வந்து, வலை தட்டி, மீன் ஏற்றி முடித்த பிறகும் கரையை விட்டு வரவில்லை. ஊர் வள்ளங்கள் நான்கு அன்று முழுக்கத் தேடிவிட்டு வெறுமனே திரும்பின. கடற்படைக்கும் அறிவித்தாயிற்று. மாமி வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடினார்கள். கருவாட்டைப் புரட்டிப்போட யாருக்கும் நினைவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வந்தார். “நீரோட்டம் தெற்காலை இழுக்குது. முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கத்துச் சங்கங்களுக்குப் போனிலை ஒரு அறிவித்தல் அனுப்ப வேணும். அச்சகம் ஒண்டும் இண்டைக்குத் திறவாது,” என்றவர் எங்களைப் பார்த்தார். “பிள்ளையள், உங்கடை கொம்பியூட்டரிலை செய்து தருவியளோ?”

ஓம் என்றோம். வேறென்ன சொல்வது?

மென்பொருளில் ‘காணவில்லை’ என்று தமிழில் தேடினோம், ஒன்றும் இல்லை. அகராதியில் பார்த்து ஆங்கிலத்தில் தேடினால், தொலைந்துபோன நாய்க்குட்டிகளும் பூனைகளும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு மணி. ஜெனி லப்டொப்பைப் படாரென்று மூடினாள். “எங்கடை அப்பாமார் என்ன நாய்க்குட்டியோடி?” என்று கேட்டு, அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அழுதாள். நான் அழவில்லை. அழத் தொடங்கினால் விசைகள் கண்ணுக்குத் தெரியாது என்ற ஒரு நினைப்பு மட்டும் எனக்கு இருந்தது.

கடைசியில் ஒளிவிழா அழைப்பிதழையே திறந்து, நட்சத்திரம், சம்மனசு, மாட்டுக்கொட்டில் என்று ஒவ்வொன்றாக அழித்துத் தாளை வெறுமையாக்கினோம். ‘காணவில்லை’ என்று அடித்தபோது ‘லை’ உடைந்து, ஐகாரக் குறி தனியே பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஆறாவதில்தான் சொல் ஒழுங்காக வந்தது. மாமி இரண்டு பேரின் அடையாள அட்டைப் படங்களையும் கொண்டுவந்து தந்தா. படங்களைப் பெரிதாகப் போட்டு, கீழே பெயர், வயது, ஊர், போன நாள், வள்ளத்தின் இலக்கம், அவர்கள் உடுத்திருந்த சாரத்தின் நிறம், மாமியின் போன் இலக்கம் எல்லாவற்றையும் எழுதித் தலைவரின் போனுக்கு அனுப்பினோம்.

அவர் போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக் கண்ணை இடுக்கினார். “ரண்டு ஆக்களெண்டு விளங்குது பிள்ளை. வேறை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை.”

நான் திரும்பப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்தேன். அந்த மென்பொருளில் தாளைச் சிறிதாக்கிப் பார்க்க ஒரு கோடு உண்டு. அதைப் பிடித்து இடப்பக்கம் இழுக்க இழுக்க, தாள் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. எழுத்துக்கள் தூசியாயின. அப்பாவின் முகமும் மாமாவின் முகமும் இரண்டு மண்ணிறப் புள்ளிகளாயின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் தூரத்தில் நிற்கும் வள்ளத்தைப் பார்ப்பவனுக்கும் அவர்கள் இப்படித்தான் தெரிவார்கள்.

வள்ளத்தின் படம் அந்தக் கணினியிலேயே இருந்தது. ஆவணியில் அப்பா அதற்குக் கரும்பச்சை அடித்து, யாரோ கொடுத்த மிச்ச நிறத்தால் பக்கவாட்டில் அகலமான செம்மஞ்சள் பட்டை ஒன்று இழுத்திருந்தார். “தூரத்திலையே கண் கூசுது, சனம் சிரிக்கப்போகுது,” என்று அம்மா நாலு நாள் புறுபுறுத்தா. அதற்கு முன்னால் நின்று நானும் ஜெனியும் படம் எடுத்திருந்தோம். எங்கள் இருவரையும் வெட்டி அகற்றிவிட்டு, வள்ளத்தைத் தாளின் அகலத்துக்குப் பெரிதாக்கினேன். முகங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

மாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. “முகத்தை எடுத்துப்போட்டு ஆரைத் தேடச் சொல்லுறாய்? மனுசரைத் தேடாமல் பலகையைத் தேடுறதோ?”

“மாமி, தூரத்திலை நிண்டா முகம் தெரியாது. வள்ளந்தான் தெரியும்.”

“பெத்த கொப்பரின்ரை முகத்தை அழிக்க உனக்கு மனம் வருதோ?”

எனக்கும் மனம் வரவில்லைதான். அப்பாவின் படத்தின்மேல் சுட்டியை வைத்தபடி இருந்தேன். அம்மா எழுந்து வந்தா. சனி விடியலிலிருந்து ஒருவருடனும் கதைக்காமல் இருந்தவ. திரையைப் பார்த்தா, மாமியின் கையைப் பிடித்தா. “அவள் சொல்லுறது சரி, விடு மச்சாள். முகத்தை அவையள் வந்தாப்பிறகு பாப்பம்,” என்றா. நான் அழித்தேன்.

மேலே ‘காணவில்லை’. நடுவில் பச்சை வள்ளமும் செம்மஞ்சள் பட்டையும். கீழே ‘இரண்டு பேர்’ என்றும் ஒரு போன் இலக்கமும். அவ்வளவுதான். படத்தைத் தரவிறக்கும்போது திரையில் சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணையத்துக்கான டொங்கிளை ஜெனி யன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவாறாக வந்து சேர்ந்தது. தலைவர் வாங்கிப் பார்த்தார். இந்த முறை கண்ணை இடுக்கவில்லை. “உது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பின்னேரம் இரண்டு மணியளவில் மாமியின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். மாமி அதை என்னிடம் நீட்டினா.

“தங்கச்சி, நான் முல்லைத்தீவிலை இருந்து செல்வம் கதைக்கிறன்,” என்றது ஒரு குரல். “உந்தப் பச்சை வள்ளத்தைக் காலமை கண்டனான். ஆரோ நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுறாங்களெண்டு நினைச்சு விலத்தி வந்திட்டன். சாப்பிட்டுட்டுப் போனைப் பாக்க உங்கடை படம் கிடக்கு. அந்தப் பட்டையை மறக்கேலுமே? ரண்டு வள்ளத்திலை வெளிக்கிடுறம். போனை ஆருக்கும் குடுக்காதேங்கோ.”

ஆட்களைக் கண்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. அதன்பின் போன இரண்டரை மணி நேரத்தைப் பற்றி என்னால் அதிகம் எழுத முடியாது. ஜெனி என் பாவாடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தாள் என்பதும், முற்றத்தில் அவ்வளவு சனம் இருந்தும் கருவாட்டில் மொய்த்த இலையான்கள் பறக்கும் சத்தம் கேட்டது என்பதும் மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பப் போன் அடித்தபோது கேட்டது அப்பாவின் குரல். கரகரத்து, பாதி உடைந்து, ஆனால் அப்பா.

“பிள்ளை... எஞ்சின் காலை வாரிட்டுது. நானும் மாமாவும் சுகம். கொம்மாட்டைச் சொல்லு, தேத்தண்ணி குடிக்கிறம் எண்டு.”

நான் சொன்னேன். அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. பிறகு போனைப் பறித்து, “எஞ்சினைப் பாக்கச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்? எத்தினை தரம்?” என்று பேசத் தொடங்கினா. அவவின் ஏச்சை அவ்வளவு சந்தோசமாக நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி சிரித்தா, அழுதா, எங்கள் இருவரின் தலைகளையும் சேர்த்து நெஞ்சோடு அமத்தினா. கூடியிருந்த பெண்களில் ஒருத்தி போய்க் கருவாட்டைப் புரட்டிப் போட்டா.

மறுநாள் சின்ன லொறி ஒன்றில் வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். உதடு வெடித்து, கண் குழி விழுந்திருந்த அப்பா, குளித்துச் சோறு தின்ற பிறகு அறிவித்தலைக் காட்டச் சொன்னார். கனநேரம் பார்த்தார். பிறகு திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

“உது என்ன பிள்ளை, மெழுகுதிரி? நான் செத்துப்போனனெண்டு முடிவெடுத்திட்டியளோ?”

அப்போதுதான் பார்த்தோம். ஒளிவிழா மெழுகுதிரிகளில் மூன்றை அழித்துவிட்டு நான்காவதை மறந்திருந்தோம். சுடர் எரிந்துகொண்டு, கீழ் மூலையில், அத்தனை கரைகளுக்கும் போய் வந்திருக்கிறது அது. முதலில் வெடித்துச் சிரித்தவ அம்மாதான். பிறகு மாமா, பிறகு மாமி. ஜெனி வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டாள். அந்த வீடு அப்படிச் சிரித்ததை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இப்போது அந்த லப்டொப் இல்லை. மழை ஒழுகிய ஒரு மாரியில் அது உயிரை விட்டது. ஜெனி கலியாணம் செய்து பிரான்சுக்கே போய்விட்டாள். அந்த இடம்மாறிய விசைப்பலகை இப்போது அவளுக்குச் சரளம். எழுத்துக்கள் உடைவதில்லை, வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பதுமில்லை. வள்ளத்தில் இடத்தைக் காட்டும் கருவி இருக்கிறது. அம்மா விடியற்காலையில் கரைக்குப் போய் நின்று வள்ளங்களை எண்ணும் வழக்கமும் எப்போதென்று தெரியாமல் நின்றுபோயிற்று. போனவற்றுள் அது ஒன்றுக்காக மட்டும் நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். போன வருடம் தன் போனில் அதே மென்பொருளை யாரிடமோ கேட்டு இறக்கிக்கொண்டார். கரைக்கு வந்து வள்ளத்தைக் கட்டியதும், ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒரு படம் செய்து குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். சிவப்பு ரோசாக்கள், எழும்பும் சூரியன், இரண்டு புறா, ஒரு கோப்பை தேநீர், ஐந்து வகை எழுத்து, ஐந்தும் ஐந்து நிறம். “ஐயோ மாமா, கண் நோகுது,” என்று ஜெனி பாரிசிலிருந்து எழுதுவாள். நான் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இந்த வேலையையேதான் செய்கிறேன். எதை எடுக்க வேண்டும், எதை எங்கே நகர்த்த வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்று காலையும் வந்தது. பொன் நிறத்தில், ரோசாக்களுக்கு மேலாக, ‘காலை வனக்கம்’ என்று பிழையாக எழுதியிருந்தது. படுக்கையில் கிடந்தபடியே அதைப் பார்த்தேன். அப்பா கரைக்கு வந்துவிட்டார். ஓர் எழுத்தையும் திருத்தச் சொல்லாமல், போனை வைத்துவிட்டு எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.