பூவரசுக்குக் குனிந்த தேர்

எங்கள் தெருப் பூவரசில் பதினொரு மொட்டைக் கட்டைகள் இருந்தன. நாத்தனார் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொல்ல, நான் கீழே நின்று நாட்குறிப்பில் எழுதினேன். ஏழு உள்ளே உளுத்திருந்தன.

வில்லியனூர்ப் பக்கத்தில் எங்கள் மாதா கோவில் தெரு. மாதா தேருக்கு முதல்நாள், தேரின் முடியில் இடிக்கும் கிளைகளை அரிவாளால் பாதியில் கொத்திவிடுவார்கள். அந்தக் கட்டைகளில் மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துப்போகும். பக்கத்திலேயே கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பும். மரம் தேறிவிட்டது என்பார்கள். அப்படிக் கிளம்பிப் பருத்த கிளை ஒன்று புயற்காற்றில் பிய்ந்து ஒரு வீட்டுக் கூரைமேல் விழுந்தது. மரத்தையே எடுத்துவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. செடி நர்சரியில் வேலை பார்த்த நாத்தனார் எழுந்தார்.

“வருசா வருசம் கொத்திப்புட்டு இப்ப மரத்து மேல பழியா? அடுத்த தேர் வரைக்கும் டைம் குடுங்க.”

“இன்னாக்கா, மரத்துக்கு ஊசி போடப் போறியா?” என்றார் தேர் ஜோடிப்பவர்.

“மொதல்ல உன் அருவாளுக்குப் போடறேன்டா.”

கூட்டம் சிரித்தது. தவணையும் கிடைத்தது.

எண்ணி எழுதிய கட்டைகளில் பெரியவற்றை நாத்தனார் முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுத்தார்; பட்டை கிழியவில்லை. தண்டை ஒட்டிய வீக்கத்தை மட்டும் தொடவில்லை. அங்கிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். துளிர்க் கொத்துகளில் இரண்டிரண்டை விட்டு மற்றதைக் களைந்தபோது தெருவே திட்டியது. “பச்சையப் போயி அறுக்கறாளே, பாவி!” அவர் ஏணியை அடுத்த கொத்துக்கு நகர்த்தினார்.

அடுத்த தேருக்குள் காயங்களின் ஓரம் உருண்டு மூடத் தொடங்கியிருந்தது. ஆனால் தெருவின் மேல் நீண்ட ஒரு நல்ல கிளைக்காக மறுபடியும் அரிவாள் வந்தது. நாத்தனார் ஏணியைக் கீழே சாய்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“தேரக் கொறைங்கடா.”

“மாதா தேரையா கொறைக்கச் சொல்ற?”

“மாதாவ யாருடா கொறைக்கச் சொன்னா? மேல வச்சிருக்கியே, அந்தத் தகரக் கோபுரத்த எடு.”

ஒரு மணி நேரம் கத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கோபுரம்தான் இறங்கியது. அன்று தேர் போனபோது பூவரசு இலைகள் மாதாவின் மாலையைத் தொட்டன.

நாத்தனார் இறந்து மூன்று ஆண்டுகள். இந்த ஆண்டு எல்இடி விளக்கோடு, முன்னைவிட உயரமான முடி செய்திருப்பதாகச் சொல்கிறார்கள். இன்று காலை டேப் எடுத்துப்போய், தரையிலிருந்து அந்தக் கிளையின் கீழ்ப்பக்கம் வரை இரண்டு முறை அளந்தேன். அந்த அளவைத் தேர்க் கொட்டகைக் கதவில் சிவப்புப் பெயின்டால் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏனென்று கேட்கிறவர்கள் வீட்டுக்கு வரட்டும்.