மல்லாந்து படுத்த வகுப்பு

1. கவாத்து டீச்சர்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். பெற்றோர்களுக்கு நான் டிரில் சொல்லிக்கொடுக்கும் கவாத்து டீச்சர். மைதானம் பாதி கடல் மணல், மீதி துறைமுகத்திலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டும் கரித்தூள். கூட்ஸ் வண்டி போனால் தரை அதிரும். ஸ்டோர் ரூமில் ஒரு கிழிந்த நெட், ரிங் டென்னிஸ் வளையங்கள். விளையாட ஒன்றுமில்லாத இடத்தில் உடம்பையே விளையாட்டுச் சாமானாக்க வேண்டியதுதான் என்று, டிரெயினிங் காலேஜில் படித்த யோகாசனத்தை எடுத்தேன்.

பாவாடையைக் கால்களுக்கு நடுவே மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு வருவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்துக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். பிரேயரில் நெளிகிறவள்கூட கொக்காக நின்றால் அசையமாட்டாள். பக்கத்தில் நிற்பவள், "அடியே, மீனு வருது பாரு" என்று சிரிக்கவைப்பாள். அப்போதும் விழாமல் நிற்பவளுக்கு வகுப்பில் மரியாதை.

முத்துலட்சுமி ஆறாம் வகுப்பு. இழுப்பு உள்ள பெண். மாதத்தில் பாதி நாள் லீவு. மூச்சை அவசரப்படாமல் நீளமாக வெளியே விடச் சொல்லிக் கொடுத்தேன். இழுப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இழுப்பு வந்தால் மிரண்டு ஓடாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அது கடக்கும்வரை இருக்கப் பழகினாள். லீவு குறைந்தது.

2. கேட்டுக்கு வெளியே

வகுப்பு முடியும்போது சவாசனம். மல்லாந்து படுத்து, கைகளைக் கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, கண்மூடிக் கிடப்பது. துறுதுறுவென்ற பிள்ளைகள் அப்படி அடங்கிக் கிடப்பது எனக்குப் பிடிக்கும். காற்று அவர்கள் மேல் மணல் தூவிக்கொண்டு போகும்.

ஒருநாள் பகலில் பிள்ளைகள் அப்படிக் கிடந்தபோது, கேட்டுக்கு வெளியே அலுமினிய அன்னக்கூடை விழுந்த சத்தம் கேட்டது. தொடர்ந்து அலறல். மீன் விற்றுத் திரும்பிக்கொண்டிருந்த முத்துலட்சுமியின் அம்மா கன்னியம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டார். கூட வந்த பெண்களும் அழத் தொடங்கினார்கள். வகுப்பு மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. கன்னியம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, உயிரோடு உட்கார்ந்திருந்த மகளைக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு கட்டிக்கொண்டார்.

"வா வூட்டுக்கு. இந்த இஸ்கூலே வாணாம் நமக்கு."

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். "ஊரே கேட்டுல வந்து நிக்குது மிஸ். கவாத்தோட நிறுத்திக்குங்க."

"அந்தப் பொண்ணு, மிஸ்?"

"அவங்க அம்மா சம்மதிச்சா ரெண்டும் நடக்கட்டும். பொண்ணும் வரட்டும், உங்க யோகாவும் நடக்கட்டும். போய்ப் பேசிப் பாருங்க."

3. ஏலக் கரையில்

மறுநாள் முத்துலட்சுமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் காசிமேட்டுக் கரைக்குப் போனேன். ஏலம் கூவும் இரைச்சலுக்கு நடுவே கன்னியம்மா கவலை என்கிற பொடிமீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முத்துலட்சுமி ஈரமணலில் குத்தவைத்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு விசிலடித்தது.

"இன்னா டீச்சர், மீனு வாங்க வந்தியா, பொண்ண இட்டுகினு போவ வந்தியா?"

"பொண்ணுக்காகத்தாம்மா."

"இழுப்பு கொறஞ்சிது. இல்லேன்னு சொல்லல. ஆனா நீ படுக்கவச்சியே, அது வாணாம்." கூடையை நகர்த்தினார். "போன மழைல இதோட நைனா, கூட நாலு பேரு, கடல்லயே போய்ட்டாங்க. தோ, அந்த எடத்துலதான் வரிசையா போட்டு வச்சிருந்தாங்க. மல்லாத்தி, கைய விரிச்சு. அப்டி கெடக்கறத நான் இன்னொரு தபா பாக்கணுமா, சொல்லு."

அந்த ஆசனத்துக்குப் பிணத்தின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அதை அங்கே நான் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு வீட்ல எப்படிம்மா தூங்கும்?"

"குப்புறக்கா. தவள மாதிரி."

பக்கத்துக் கூடைக்காரம்மா சிரித்தார். "தவளையாவது கத்தும். இது ஒதைக்கும்."

"அப்படியே படுக்கவைக்கிறேன். நீங்களே வந்து பாருங்க. பிடிக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுங்க."

கன்னியம்மா மகளின் கையிலிருந்த ஐஸ் உடைக்கும் கட்டையை வாங்கி வைத்தார்.

அடுத்த வகுப்புக்கு இருவரும் வந்தார்கள். மகராசனம் என்று ஒன்று உண்டு. குப்புறப் படுத்து, மடித்த கைகள்மேல் நெற்றியை வைத்துக்கொள்வது. மொத்த வகுப்பையும் அப்படிப் படுக்கவைத்தேன். கன்னியம்மா உள்ளே வரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

வெகுநேரம் பார்த்தார். வெள்ளைச் சட்டைகள் வரிசை வரிசையாக ஏறின, இறங்கின. சின்ன அலைகள் கரைக்கு வந்து போவதைப்போல.

"முதுவு ஏறி எறங்குது டீச்சர்."

"ஆமாம்."

"இங்க இருந்தே தெரியுது."

கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். "சாயங்காலம் அதுவே வூட்டுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் போனார்.

அதற்குப் பிறகு பல பள்ளிகள் மாறினேன். பிள்ளைகளுக்கு யோகா கற்றுக்கொடுக்க வரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை அடங்கிப் படுத்திருக்கும்போது, அது மூச்சுவிடுவது உங்களுக்குத் தெரிந்தால் போதாது. தூரத்தில் நிற்கிற அதன் தாய்க்கும் தெரிய வேண்டும்.