பத்தாவது பிள்ளைக்கு வராத ஆடு

குமாசி நகரில் லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிற பாதூவிடம், வண்டியை நிறுத்தும் ஓட்டுநர்கள் பஞ்சரைப் பற்றி முதலில் பேசுவதில்லை. "என்ன பாதூ, ஆடு வந்துச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அகான் மக்களிடம் பாதூ என்றால் பத்தாவதாகப் பிறந்தவன். பத்துப் பெற்றவளுக்குக் கணவன் ஓர் ஆட்டுக்கடா தர வேண்டும். பாதூ பிறந்தபோது அப்பா ஒபிரி, "கோகோ அறுவடை முடியட்டும்" என்றார். நாற்பத்து நான்கு அறுவடை முடிந்துவிட்டது.

அதனால் அம்மா செர்வா அவனை ஒரு தடவைகூட பாதூ என்று அழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை என்பதால் க்வாசிதான். "ஆடு வராம எனக்குப் பத்து இல்ல. ஒம்பதும், தனியா ஒண்ணும்" என்பாள்.

ஊரே கூப்பிடும் பெயரை அம்மா வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை. அவளுக்கு எண்பத்தொன்றாகிவிட்டது. இனிப் பொறுக்க முடியாமல், போன சனிக்கிழமை அவனே ஒரு கடா வாங்கினான். அவன் முன்னால் இழுக்க, அவனிடம் வேலை பார்க்கும் நான் பின்னால் தள்ளினேன்.

அம்மா கடாவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடா எனக்கு ஆடு தர்ற? நீ என்ன என் புருஷனா?"

தெருவே சிரித்தது. அகான் வழக்கப்படி அப்பாவுக்குத் தனி வீடு, எதிர்ச் சாரியில். கடாவை அங்கே திருப்பினோம்.

"நீ வாங்கின ஆட்ட நான் குடுத்தா, அவ சிரிச்சே என்னைக் கொன்னுடுவா" என்றார் ஒபிரி.

"அப்ப என்கிட்டேருந்து விலைக்கு வாங்கிக்குங்கப்பா."

கிழவர் யோசித்தார். உள்ளே போய், பக்கத்திலேயே வைத்துத் தூங்கும் ரேடியோவை எடுத்து வந்து மகன் கையில் வைத்தார்.

"பேட்டரி புதுசு. இனி ஆடு என்னுது, கயித்த விடு."

தெருவைக் கடக்கையில் அவர் கடாவை இழுத்தாரா, கடா அவரை இழுத்ததா என்று சொல்வது கஷ்டம். நின்றிருந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஒபிரி கயிற்றை நீட்டினார்.

"அறுவடை முடிஞ்சுது, செர்வா."

"கிழவனுக்கு இப்பத்தான் முடிஞ்சுதாம்."

அவள் கடாவின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். முதுகைத் தடவினாள்.

"பரவாயில்ல. பாதூ, இத நிழல்ல கட்டு."

அவன் ரேடியோவை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்றான்.

"காது கேக்கலையாடா?"

"கேட்டுச்சும்மா. இன்னொரு தடவ சொல்லு."