கனிக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தேன்

இங்கே பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "செல்வி, கம் ஹியர்" என்று ஏழு வயதுப் பொடிசு கையாட்டும்போது, மதுரையில் மிஸ்ஸாகவே இருந்து பழகிய உடம்பு இன்னமும் ஒரு கணம் விறைத்துக்கொள்கிறது. நியூசிலாந்தின் சின்ன ஊரொன்றில், ஆரம்பப் பள்ளியில் எனக்கு உதவியாளர் வேலை. பாடம் நடத்தும் உரிமை கிடையாது. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளோடு மூலையில் உட்கார வேண்டும். கழித்தலுக்கு இங்கே பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றுக்குச் சின்னக் கட்டை, பத்துக்கு நீளக் கட்டை. நாற்பத்திரண்டில் பதினேழைக் கழிக்கத் திணறிய ஒரு பையனிடம், நம் ஊர் வழக்கத்தில் பத்தைப் பிரிக்கச் சொல்வதாக நினைத்து, "பிரேக் த டென்" என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கட்டையை முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தான்.

வகுப்பாசிரியை ஓடி வந்தார். இங்கே பத்தைப் பிரிக்க முடியாது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு பத்துச் சின்னக் கட்டைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைப்போம், அவிழ்த்தால் அதே பத்துக் குச்சிகளும் கையில் இருக்கும் என்று விளக்கினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கட்டைப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, உன் ஊருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் வறுமையைப் பற்றிப் பேசவே இல்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தேங்க் யூ சொல்லிவைத்தேன்.

என் மகள் கனிக்கு மூன்று வயதாகும்போது, அவள் அப்பா அலங்காநல்லூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டார். எனக்குப் படிக்க விசா கிடைத்ததும், அவளை ஆனையூரில் அக்காவிடம் விட்டு வந்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒரே வருஷம், கூட்டிக்கொள்கிறேன் என்றேன். ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வருஷம் எப்படி இழுக்கும் என்று. கனி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் அவள் பல் விளக்கி உட்காரும்போது எனக்கு மத்தியானம். போனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். சோறு ஊட்ட முடியாது, தலை பின்னிவிட முடியாது. எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஒருநாள் இருநூற்று மூன்றில் எழுபத்தெட்டைக் கழிக்கச் சொன்னேன். இருநூற்று எழுபத்தைந்து என்றாள். மேலே சின்ன எண் இருந்தால், கீழே இருக்கும் பெரிய எண்ணிலிருந்து அதைக் கழித்துவிடுவதில் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதான்.

"ஏண்டி, எடுத்த பெறகு எப்படிடி கூடும்?"

"மூணுல எட்டு போகலம்மா. பக்கத்துல பத்துக்கிட்டயும் ஒண்ணுமில்ல, சைபர். யாருகிட்டப் போக?"

"அதுக்கும் அங்கிட்டு நூறு இருக்குல்ல, அதுகிட்டப் போ."

அக்கா இரண்டு விளக்குமாற்றை அவிழ்த்துக் குச்சி நறுக்கினாள். பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டினாள். கனி ஒரு நூறை அவிழ்த்தாள். வந்த பத்துக் கட்டில் ஒன்றை அவிழ்த்தாள். ஒன்பது கட்டு மிச்சம். கையில் பதிமூன்று குச்சி. "நூத்தி இருவத்தஞ்சு!" என்று குதித்ததில் போன் சாய்ந்துவிட்டது. எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிறு எரிந்தது எனக்கு, கூடப்பிறந்தவள் மேலேயே.

போன டிசம்பர் விடுமுறையில் கனியின் விசாவோடு, திரும்பி வர இருவருக்கும் டிக்கெட்டோடு ஊருக்குப் போனேன். அக்கா அவள் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தாள். "கூட்டிட்டுப் போடி, ஒம் பிள்ளதான" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கனி அக்காவை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். போனில் அவள் பெரிம்மா என்று கூப்பிட்டதெல்லாம், எனக்காக அக்கா சொல்லிக்கொடுத்து வைத்தது.

டிசி வாங்கக் கனியின் பள்ளிக்கு மூவரும் போனோம். அக்கா உள்ளே வரமாட்டேனென்று வாசலிலேயே நின்றுகொண்டாள். கனியின் மிஸ் எங்களைப் பார்த்ததும் பிள்ளையைத்தான் புகழ்ந்தார்.

"கழித்தல்ல இவள அடிச்சுக்க ஆளில்லங்க. அவங்கம்மா குச்சிய வச்சு அம்புட்டு அழகாச் சொல்லிக் குடுத்திருக்காங்க." சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக அக்காவைக் காட்டினார். "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"

நான் வாய் திறப்பதற்குள் கனி முந்திக்கொண்டாள்.

"இது எங்க நியூசிலாந்து அம்மா, மிஸ்."

பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்கூட வருகிறாயா என்று கனியிடம் கடைசிவரை கேட்கவில்லை. அவள் வாயால் அந்தப் பதிலைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அடுத்த வாரம் தனியாகத்தான் விமானம் ஏறினேன்.

அன்றைக்குப் பள்ளியிலிருந்து திரும்பும் ஆட்டோவில் எங்கள் நடுவில் உட்கார்ந்த கனி, கொஞ்ச தூரத்திலேயே தூங்கிப்போனாள். தலை அக்கா மடியில், கால் என் மடியில்.

"டிசி குடுத்தாகளா?"

"கேக்கலக்கா."

அக்கா வெளியே திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆனையூர் வரும்வரை நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.