மூக்கு நிபுணரும் மூன்று தொப்பிகளும்

எதிரே வந்து உட்காருபவரின் மூக்கை ஒரு சுற்றுப் பார்த்து முடிக்காமல் அவர் வாயைத் திறப்பதில்லை. பார்த்து முடித்ததும், "உங்க மூக்குக்கு மேடு பத்தாது, கண்ணாடி வழுக்கும்" என்பார். அல்லது, "இந்த மூக்குல எதை வச்சாலும் நிக்கும், குடுத்து வச்சவரு" என்பார். பிறகு ஒரு ஃப்ரேமை எடுத்து மாட்டி, காதுக்குப் பின்னால் சுண்டுவிரலை விட்டுத் தடவி, இருபத்தெட்டு வருடமாகக் கேட்டுவரும் கேள்வியைக் கேட்பார்: "அழுத்துதா?"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடை எட்டடிக்குப் பத்தடி. மேஜைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் விளக்கின் தகரக் கூடு, அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் வழுக்கை உச்சியில் 'டங்' என்று ஒரு வணக்கம் வைக்கும். வைத்து வைத்து அங்கே பிறை வடிவில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது. விளக்கை ஏற்றிக் கட்டக் கூடாதா என்று கேட்டால், "கட்டலாம். வெளிச்சம் மூக்குல விழாதே" என்பார்.

யாருடைய பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது, பவர் நிற்கும். "மைனஸ் ரெண்டரை வீட்டுல கல்யாணம், போகணும்" என்று சொன்னால் மனைவிக்குப் புரிந்துவிடும். மனைவி ப்ளஸ் ஒண்ணேமுக்கால். அது போன வருடம் ஒன்றரையாக இருந்தது என்பதை வெளியில் சொல்வதற்கு மட்டும் அவருக்கு அனுமதியில்லை.

ஊரிலுள்ள முகங்களுக்கெல்லாம் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்ன இந்த மனிதருக்கு, தன்னுடைய ஒரே ஒரு தலைக்கு ஒரு தொப்பியை முடிவு செய்ய ஐந்து வாரம் பிடித்தது.

வெளிநாட்டிலிருக்கும் மகள், அப்பா அம்மா இருவருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்: "இங்க செம குளிருப்பா. தலைக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வாங்க. பாப்பாவும் ஏர்போர்ட்டுக்கு வருவா." பாப்பாவுக்கு மூன்று வயது, தாத்தாவை நேரில் பார்த்ததில்லை. மகள் இதோடு நிறுத்தியிருக்கலாம். "போன மாசம் அவரோட அப்பா வந்தப்ப, பாப்பா பாத்துட்டு அலறிட்டா. ரெண்டு நாள் சோபாவுக்குப் பின்னாடியே இருந்தா" என்று சேர்த்துக்கொண்டாள்.

சம்பந்தி வேறு கடையில் கண்ணாடி வாங்குகிறவர். ஆகவே, "அலறுச்சா?" என்று இவர் கேட்ட குரலில் கவலை மட்டும்தான் இருந்தது என்று சத்தியம் செய்ய மனைவி இன்றுவரை தயாராக இல்லை.

"என்ன போட்டுக்கிட்டு வந்தாரு அவரு?"

"குரங்குக் குல்லாப்பா."

"அதான பாத்தேன்!"

குழந்தை மனிதரைக் கண்டு பயப்படவில்லை, குல்லாவைக் கண்டுதான் பயந்தது என்ற ஆராய்ச்சி முடிவு அந்தக் கணத்தில் பிறந்தது. ஆனால் மறுநாள் காலைக் காப்பியோடு கவலையும் வந்து சேர்ந்தது.

"ஏய், நம்மளப் பாத்தும் அது கத்திட்டா?"

"நீங்க என்ன பூச்சாண்டியா?"

"அவரும் அப்படி நெனச்சுக்கிட்டுத்தான போயிருப்பாரு?"

தொப்பி வேட்டை தொடங்கியது.

முதலில் வந்தது, உச்சியில் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லா. மனைவி குஞ்சத்தைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்து, "உள்ள சாதம் வெந்துடுச்சான்னு பாத்தேன்" என்றார். அது அலமாரிக்குப் போனது. அடுத்தது, நெற்றியில் தங்க நிறப் பின்னல் வைத்த தொப்பி. "இதப் போட்டுக்கிட்டுப் போனீங்கன்னா உங்களுக்கு சீட்டு குடுக்க மாட்டாங்க. நேரா முன்னால உக்கார வச்சு ஓட்டச் சொல்லிடுவாங்க." அதுவும் போனது. மூன்றாவது, அகன்ற விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி. மனைவி அதை வாங்கித் திருப்பி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு அக்கறையோடு கேட்டார்: "முயலுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

ஆனால் கறுப்புத் தொப்பி அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. தலையில்தான் உட்காரவில்லை. இதற்கும் தொழில்தான் காரணம். உடம்பில் மாட்டுகிற எதுவும் அழுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. அழுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் எடை காதிலும் மூக்கிலும் இறங்க வேண்டும் என்பது அவர் விஞ்ஞானம். அதனால் இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கியிருந்தார். தொப்பி உச்சியைத் தொடாமல், இரண்டு காதுகள் மேலும் கண்ணாடிக் கம்பிகள் மேலும் குந்தியிருந்தது.

பொருத்தத்தை அவர் பரிசோதித்ததோ கடை மேஜையிலுள்ள சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியில்தான். ஃப்ரேம் பார்ப்பதற்காகச் சாய்த்து வைத்தது. புருவத்திலிருந்து மேலுதடு வரைதான் காட்டும். மூன்று நாள் அதில் திரும்பித் திரும்பிப் பார்த்து, "குறையே சொல்ல முடியல" என்றார்.

"ஏங்க, இதுல தொப்பியே தெரியலையே!"

"முகத்துக்குப் பொருந்துதான்னுதான் பாக்கணும். தொப்பியத் தனியா என்ன பாக்குறது?"

இருந்தாலும் வெளியார் கருத்து வேண்டுமே. தபால்காரர் வந்தார். மைனஸ் ஆறு, இவர் போட்டுக்கொடுத்த கண்ணாடி, ஆகவே நம்பத் தகுந்த சாட்சி.

"எப்படி இருக்கு?"

தபால்காரர் நிதானமாகப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

இவர் யோசித்தார். பிறகு மேஜையைத் தாண்டிக் கையை நீட்டித் தபால்காரரின் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப சொல்லுங்க."

"இப்ப பரவால்லண்ணே. என்னமோ கறுப்பா, நல்லாத்தான் இருக்கு."

"பாத்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளோடு வீடியோவில் பேசும்போது மட்டும் தொப்பியை ஒளித்து வைத்தார். குழந்தை நேரில் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். அவர் வீடியோவில் பேசும் அழகே தனி. போனை மேஜையில் எதிரே நிறுத்தி வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைக் குனிந்து மேல்வழியாகப் பார்ப்பார். நுணுக்கமான எதையும் அவர் பார்ப்பது அப்படித்தான். மகள் வீட்டுத் திரையில் தெரிவதெல்லாம் பளபளவென்று ஒரு வழுக்கை.

"அப்பா, மூஞ்சியக் காட்டுங்கப்பா!"

"காட்டிக்கிட்டுத்தானடி இருக்கேன்? உங்க போன்ல ஏதோ கோளாறு."

பாப்பாவுக்கு ஒரு புகாரும் இல்லை. திரையில் தெரியும் பிறைத் தழும்பின் மேல் விரலை வைத்து அழுத்தி, "தாத்தா உவ்வா, தாத்தா உவ்வா" என்று கொஞ்சிக்கொண்டிருப்பாள்.

ஒருவழியாக விமானம் இறங்கியது. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, மூக்குவரை சுற்றிய மஃப்ளர். நடுவில் இரண்டு கண்ணாடி வில்லைகள் மட்டும் மினுங்க, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பித் தடுப்புக்கு அப்பால் மகள் கையை ஆட்டினாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு பாப்பா.

பாப்பா பார்த்தாள். கீழுதடு மெல்ல வெளியே வந்தது. முகம் கோணியது. பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும், அடுத்து என்னவென்று. சோபா அவர் கண்முன் வந்து போயிற்று. சம்பந்தியும் வந்து போனார், சிரித்துக்கொண்டே.

"போச்சு" என்றார் மனைவி.

அவருக்குக் குழந்தையின் முகம் சரியாகத் தெரியவில்லை. அழுகிறதா, இல்லையா? நுணுக்கமான விஷயம். மஃப்ளரை இழுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைக் குனிந்து, மேல்வழியாகப் பார்த்தார். தலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதிருந்த தொப்பி அப்படியே நழுவித் தரையில் விழுந்து, விளிம்பில் உருண்டு, ஒரு வட்டமடித்து அவர் காலடியிலேயே படுத்தது.

விளக்கு வெளிச்சத்தில் வழுக்கை பளபளத்தது.

கீழுதடு உள்ளே போயிற்று. "தாத்தா!"

அம்மாவின் காலை விட்டுவிட்டுத் தடுப்புக்கு அடியில் புகுந்து ஓடிவந்தவள், அவர் இன்னும் தாழக் குனிய, அந்தத் தலைக்கு நேரே வந்து நின்றாள். தழும்பைக் கண்டுபிடித்தாள். அதன்மேல் விரலை வைத்து, திரையில் அழுத்துவது போலவே பலமாக அழுத்தினாள்.

"தாத்தா உவ்வா."

பின்னால் நின்றவர்கள் வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். அவர் நிமிரவில்லை. மனைவி குனிந்து, அவர் காதோரமாக, அவருடைய குரலிலேயே கேட்டார்: "அழுத்துதா?"

அவர் தலையைக் கொஞ்சமும் அசைக்காமல், வலது கால் நுனியால் தடவித் தொப்பியைக் கண்டுபிடித்து, பக்கத்திலிருந்த பெஞ்சுக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டார்.