‘அண்டர் கண்ட்ரோல்’ என்று எழுதிய காலை

பனியன் கம்பெனியில் என் வேலை மெயில் எழுதுவது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் எங்கள் தையல் கூடத்துக்கும் நடுவில் நிற்கும் மெர்ச்சண்டைசர் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

அவர் விட்டுப்போன பழைய மெயில்களே எனக்கு ஆங்கில வாத்தியார். நம் மொழியில் ‘நேரத்தில்’ என்றால் ‘இல்’ சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலோ அது முன்னால் வந்து தனியாக நிற்கும். எந்தச் சொல்லுக்கு எது நிற்கும் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. சரக்கு கப்பலில் போனால் ‘பை சீ’, கப்பலில் ஏறிவிட்டால் ‘ஆன் போர்டு’. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் ‘ரீசன் ஃபார்’, துணியில் குறை என்றால் ‘ப்ராப்ளம் வித்’. எரிச்சலாக வரும். ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். இரண்டு வருடத்தில் யோசிக்காமலே கை அடித்தது. சாயப்பட்டறையில் துணி சும்மா கிடந்தாலும் ‘இன் ப்ராசஸ்’. நூலே வராவிட்டாலும் ‘ஆன் டைம்’. ஆங்கிலம் வந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

போன வருடம் கைக்குழந்தை உடுப்பு ஆர்டர் ஒன்று. மாலை நாலு மணிக்குக் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் வாடிக்கையாளரிடமிருந்து மெயில்: உடைந்த ஊசியின் துண்டு ஏதாவது கிடைக்காமல் இருக்கிறதா, பரிசோதிக்க ஆள் அனுப்பட்டுமா? டீயைக் குடித்துக்கொண்டே அடித்தேன், எவ்ரிதிங் இஸ் அண்டர் கண்ட்ரோல். தையல் கூடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அப்படியானால் ஆள் வர வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

பதினோரு மணிக்குத் தையல்காரப் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கையில் ஒரு தாள். எங்கள் கூடத்தில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கித் தாளில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். முழு ஊசி சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்தது எதுவும் வெளியே போகக்கூடாது.

“ரெண்டு துண்டுதான் இருக்குக்கா. முனையக் காணல. நேத்து கழுத்து பிரிஞ்சதச் சரி பண்ணும்போது ஒடஞ்சுது. சூப்பர்வைசர் அவசரத்துல புது ஊசி குடுத்துட்டாவ. எனக்கு மனசு கேக்கலக்கா.”

கழுத்தைச் சரிசெய்யத் திரும்பி வந்தவற்றைத்தான் அவள் சொன்னாள். உலோகம் காட்டும் மெஷினை ஒருமுறை தாண்டிவிட்ட உடுப்புகள் அவை. தைத்த பிறகு மறுபடி அதில் ஓட்டாமலே பெட்டிகளில் கலந்துவிட்டார்கள். எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளியிடம் ஓடினேன்.

“பொட்டியெல்லாம் பிரிச்சா கப்பல் போயிருமுங்க,” என்றார். “எல்லாஞ் செரியா இருக்குதுன்னு நீங்கதான எழுதுனீங்க கண்ணு? அப்படியே உட்டுருங்க.”

“பாக்காம எழுதிட்டனுங்க சார்.”

“அதை இப்ப ஆரு கேக்கப் போறாங்க?”

“ஏதோ ஒரு கொழந்தைக்குக் குத்துமுங்க.”

“குத்தாமயும் போலாமில்லீங்க.”

அவர்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்குத் திரும்புவதற்குள் அது என்மேலேயே திரும்பிவிட்டது. அவர் பொய் எதுவும் புதிதாகச் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்ததையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேலை போய்விடும் என்று பயந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மனப்பாடம் செய்த எந்த ஜோடியும் உதவவில்லை. கடைசியில் வாடிக்கையாளருக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஒன் நீடில் பீஸ் மிஸ்ஸிங். ஐ டிட் நாட் சீ. ஐ ரோட் ராங். ப்ளீஸ் வெயிட். பொத்தானை அழுத்தினேன்.

மெயில் போன பிறகு முதலாளிக்கும் வேறு வழியில்லை. பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு உடுப்பாக மெஷினில் ஓட்டினோம். நாலு மணி தாண்டியது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முக்கால்வாசி முடிந்தும் ஒன்றும் இல்லை. முனை தரையில் விழுந்து குப்பையோடு போயிருந்தால், கப்பலைக் கெடுத்தவள் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சும். தையல்காரப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தரை மணிக்கு மெஷின் கத்தியது.

சூப்பர்வைசர் கழுத்துப் பட்டியைப் பிரித்தார். உள்ளே ஊசியின் முனை, அரிசியில் பாதிகூட இருக்காது. முதலாளி அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

“எந்த சைஸுங்க?”

லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். “பொறந்த கொழந்தைக்குங்க சார்.”

அதன்பிறகு அவர் கப்பலைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.